மாடியறைக்கு மூவாயிரம் தேங்காய்

கொஞ்ச காலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் சட்னிக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். நான் பி.காம். இத்தனை வருஷமாக எதற்கும் உபயோகப்படாத அந்தப் படிப்பு, கடைசியில் கொட்டாங்குச்சி எண்ண உபயோகப்பட்டது.

விதி ரொம்பச் சுலபம். தேங்காயைத் துருவி முடித்ததும் கொட்டாங்குச்சியை அடுப்படி ஓரம் இருக்கும் அரிசிச் சாக்கில் போட வேண்டும். போட்டதும் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் சாயங்காலமானால் சாம்பிராணிக்கு நெருப்பு வேண்டுமென்று அம்மா சாக்கிலிருந்து இரண்டு எடுத்துவிடுவாள். அதை நான் செலவுப் பக்கத்தில் எழுதுவேன். மனைவி ஒருநாள் கையில் கொட்டாங்குச்சியோடு வந்து நின்று, "ஏங்க, போட்டா ரசீது குடுப்பீங்களா?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். அதுதான் பயம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் பெரிய கடைகளோடு திரும்பிவிடுவார்கள். அந்தப் புடவை பிறக்கிற இடம் இந்தத் தெருக்கள். எங்கள் நடுக்கூடத்தில் அப்பாவின் தறி இருக்கிறது. பள்ளத் தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். கட்டிலை நகர்த்தலாம், பீரோவை நகர்த்தலாம், குழியை நகர்த்த முடியுமா? எழுபத்தோரு வயதிலும் அப்பா காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை தட் தட் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பையன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவனுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை. எனக்கு எழுத இடம் இல்லை. (நான் எழுதுவதைப் படித்தவர்கள் அது நல்லதுதான் என்பார்கள்.) வீட்டில் எல்லார் மனசிலும் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. 'தறியை எடுத்துட்டா ஒரு ரூம் வந்துடும்.' யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா காதில் மட்டும் அது விழுந்துவிட்டது போலிருக்கிறது. ஒருநாள் தறியில் உட்கார்ந்தபடியே, "மேல ஒண்ணு கட்டிக்கோயேன்டா" என்றார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

மேஸ்திரி வந்தார். மாடிக்குப் போனார். குதித்துப் பார்த்தார். எங்கள் வீட்டுத் தளம் பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் கட்டைகள், அதற்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பு போட்டது. கீழே இறங்கி வந்து சுவரை ஆணியால் சுரண்டினார். மாவு மாதிரி கொட்டியது.

"செவுரு தாங்காது தம்பி. மேல கனம் ஏத்தக் கூடாது" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் 'கனம்' என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கனம் கூடாது என்றால் கனமில்லாத கான்கிரீட் போட்டால் போச்சு! அப்படி ஒன்று உண்டா என்று தேடியதில் கிடைத்ததுதான் கொட்டாங்குச்சி.

* * *

சென்னையில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில், செங்கல்பட்டு வழியாகப் போகிற ரயிலில் பொத்தேரி ஸ்டேஷனைத் தினம் தாண்டியிருக்கிறேன். பிள்ளைகள் கும்பலாக இறங்குவார்கள். நமக்கு உட்கார இடம் கிடைக்கும். பொத்தேரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் சிவில் துறையில் கே. குணசேகரன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வருஷக்கணக்காக ஜல்லிக்குப் பதில் கொட்டாங்குச்சியைப் போட்டுக் கான்கிரீட் செய்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. 2011-ல் அவர்களுடைய கட்டுரை கட்டுமானப் பொருள்களுக்கான சர்வதேசப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. அப்போது காட்டாங்குளத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. ஆகவே ஆராய்ச்சி நடந்தபோது அது எங்கள் மாவட்டத்துச் சொத்து என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கான்கிரீட் என்பது என்ன? சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர். இதில் பெரிய ஆள் ஜல்லி. அதுதான் இடத்தை அடைத்துக்கொண்டு கனத்தையும் கொடுக்கிறது. கருங்கல் அதே அளவுத் தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு கனம். கொட்டாங்குச்சி தண்ணீரைவிடச் சற்றே கூடுதல், 1.05 முதல் 1.2 வரை. ஆகவே ஜல்லியைத் தூக்கிவிட்டுக் கொட்டாங்குச்சியைப் போட்டால் ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2400 கிலோவிலிருந்து 2000 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

"உடையாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஜல்லிக்கு ஒரு பரீட்சை உண்டு. இரும்புக் கிண்ணத்தில் போட்டு, பதினாலு கிலோ சம்மட்டியை மேலேயிருந்து பதினைந்து தடவை விழவிட்டு, எத்தனை சதவீதம் பொடியாகிறது என்று பார்ப்பார்கள். கருங்கல் ஜல்லியில் சுமார் 12 சதவீதம் பொடியானது. கொட்டாங்குச்சித் துண்டுகளில் சுமார் 8. பிள்ளையார் முன்னால் சிதறு தேங்காய் போடுகிறவர்களுக்கு இது புதுசாக இருக்காது. காய் சிதறும், துண்டைப் பொடியாக்குவதென்றால் கை வலிக்கும்.

பலம்? அவர்கள் தேர்ந்தெடுத்த கலவை 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 26.7 நியூட்டன் தாங்கியது. அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 270 கிலோ. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நாலு மாப்பிள்ளைகள் ஏறி நிற்கலாம். எடை குறைந்த கான்கிரீட்டைக் கட்டடத்தின் பாரம் சுமக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமானால் 17 நியூட்டன் வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. அதை இது தாராளமாகத் தாண்டிவிட்டது.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நெசவாளிக்கு எப்போதும் இரண்டு சந்தேகம்தான் வரும்: பிடிக்குமா, நிற்குமா? காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டையும் கோர்வை போட்டுக் கோத்து நெய்வார்கள். கோர்வை சரியாக விழாவிட்டால் புடவை அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

"கம்பியைப் பிடிக்குமாடா?" என்றார்.

பிடிக்கும். கம்பியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து இறுக விட்டு, பிடுங்கிப் பார்க்கும் பரீட்சை செய்திருக்கிறார்கள். நம் நாட்டுத் தர விதி எதிர்பார்க்கிற பிடிமானத்தைவிட நன்றாக அதிகமாகவே இருந்தது.

"மக்கிப் போவாதா?"

இதுவும் நியாயமான கேள்வி. அதற்காக ஒரு வருஷம், 365 நாள், தண்ணீரிலும் காற்றிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிமெண்டுக்குள் அகப்பட்டுக்கொண்ட கொட்டாங்குச்சி கெடவில்லை என்பதுதான் முடிவு. 2012-ல் அதையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வெல்லத் தண்ணியும் கடுக்காயும் போட்டுக் கலக்கலாமே. அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கு அதைத்தானே போடுவாங்க" என்றார்.

போடக்கூடாது! சுண்ணாம்புக்கு வெல்லம் நண்பன், சிமெண்டுக்கு விரோதி. சர்க்கரை கொஞ்சம் பட்டாலே சிமெண்ட் இறுகாமல் அடம் பிடிக்கும். அதனால்தான் கொட்டாங்குச்சியில் துளி தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருக்கக் கூடாது, நாரும் கூடாது. வெயிலில் காயவைத்து, 12 மில்லிமீட்டருக்குள் உடைத்து, ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கலவையில் போட வேண்டும். தன் எடையில் 24 சதவீதம் தண்ணீரைக் குடிக்கிற ஆசாமி அது. ஊறவைக்காமல் போட்டால் சிமெண்டுக்கு வைத்த தண்ணீரைத் தான் குடித்துவிடும். "உளுந்து ஊறப்போடற மாதிரிதானே" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

* * *

இனி பி.காம். ஆரம்பம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம். அஞ்சு அங்குலக் கூரை. அதற்கு வேண்டிய கான்கிரீட் கிட்டத்தட்ட 1.4 கன மீட்டர். சாதாரணமாகப் போட்டால் 3.3 டன். கொட்டாங்குச்சியில் போட்டால் 2.8 டன். லாபம் அரை டன். பத்து மூட்டை சிமெண்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி. இது வரவு.

இன்னொரு வரவு: ஒன்றரை டன்னுக்கு மேல் ஜல்லி மிச்சம். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே கல் குவாரிகள் இருக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் மாடி எழுப்பும்போது எங்கேயோ ஒரு குன்று உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது பற்று. ஆராய்ச்சிக் கலவையில் ஒரு கன மீட்டருக்கு 510 கிலோ சிமெண்ட். வீட்டுக் கூரைக்குச் சாதாரணமாகப் போடுகிற எம்-20 கலவையில் ஏறக்குறைய 340 கிலோ. என் கூரைக்கு மட்டும் கூடுதலாகக் கால் டன் சிமெண்ட், அதாவது ஐந்து மூட்டை. அரை டன் கனம் குறைக்கக் கால் டன் சிமெண்ட்! அதுவும் கல், மண் எல்லாவற்றையும்விட சிமெண்டுதான் பணத்திலும் புகையிலும் கனமானது. உலகம் முழுக்க மனிதன் விடுகிற கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. குன்றைக் காப்பாற்றப் போய்க் காற்றில் கடன் வைத்த கதை.

அடுத்து, கொட்டாங்குச்சி. என் கூரைக்கு 460 கிலோ வேண்டும். எங்கள் வீட்டுத் தராசில் ஒரு தேங்காயின் ஓடு 140 கிராம். ஆக, மூவாயிரத்து முந்நூறு தேங்காய். வாரம் இரண்டு காய் என்று வைத்துக்கொண்டால் கூரை போட முப்பத்திரண்டு வருஷம் ஆகும். அப்பாவுக்கு அப்போது 103. புதுமனை புகுவிழாவுக்கு அவரே தலைமை தாங்கலாம்.

"கோயில் ஊர்தானே, கோயில்ல கேளுங்க" என்றான் பையன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் மூடியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் ராஜா, அது வீட்டுக்கு வந்து சட்னியாகிறது. சட்னியிலிருந்துதான் ஆரம்பித்தோம்.

சரி, விலைக்கு வாங்கலாமென்று ஒரு கொப்பரை வியாபாரியிடம் போனேன். 'கழிவுதானே, அள்ளிக்கிட்டுப் போங்க' என்று சொல்வார் என்ற நம்பிக்கையில் சாக்கோடு போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கழிவா? சார், இது கரிக் கம்பெனிக்குப் போவுது. எடை போட்டுத்தான் விக்கிறோம்" என்றார்.

நிஜம்தான். கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, அதிலிருந்து கிளர்வூட்டிய கரி செய்கிறார்கள். தண்ணீர் ஃபில்டரில் இருக்கிறதே, அது. வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. யாரோ ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பொருளுக்குக் கழிவு என்று பெயர் இல்லை; சரக்கு என்று பெயர். 'விவசாயக் கழிவிலிருந்து மலிவான வீடு' என்று யாராவது சொன்னால் இனிமேல் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: அந்தக் கழிவை இப்போது யார் வாங்குகிறார்கள்?

இதற்கு மலேசியா நல்ல உதாரணம். அங்கே தேங்காய்க்குப் பதில் எண்ணெய்ப் பனை. ஆலைகளின் பின்பக்கம் ஓடு மலை மாதிரி குவிந்து கிடந்தது. 1980-களிலேயே அதைக் கான்கிரீட்டில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சபா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் 2001 வாக்கில் ஒரு சின்ன நடைபாலமும், 2003-ல் ஒரு சின்ன வீடும் அதில் கட்டினார்கள். ஓடு எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கே, குவித்தவர்களே கலக்கினால் கணக்கு உதைக்காது. பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு சாக்குப்பையோடு அலைந்தால் உதைக்கும்.

ஆனாலும் விடவில்லை. ஓர் அச்சு கடன் வாங்கி, எட்டுத் தேங்காயின் ஓட்டை உடைத்து ஊறவைத்து, பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு கனசதுரம் வார்த்தேன். சாதாரணக் கான்கிரீட்டில் அந்த அளவு கட்டி எட்டு கிலோ இருக்கும். என்னுடையது ஆறே முக்கால். 28 நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. அம்மா தினம் அதை எட்டிப் பார்ப்பாள், ஏதோ வடகம் காயவைத்த மாதிரி.

அப்பா கையில் கொடுத்தேன். பட்டையும் சரிகையையும் கையில் வாங்கினாலே எடை சொல்கிற கை அது. ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "லேசாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாலு மாசம்.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு விஞ்ஞானி. அதற்குள் ஒரு சிவில் எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நண்பருக்கு நண்பர். என் கணக்குப் பேப்பரை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்:

"கூரையில அரை டன் மிச்சம் பிடிச்சிருக்கீங்க. நல்லது. செவுரு எங்கே சார்?"

"செவுரா?"

"ரூம்னா நாலு செவுரு இருக்குமில்ல? ஒன்பது அங்குலச் செங்கல் செவுரு, பத்தடி உயரம். கதவு ஜன்னல் போக எவ்வளவு வரும்னு போட்டுப் பாருங்க."

போட்டேன். பதினாறு டன்.

நாலு மாசமாக 3.3 டன் கூரையில் அரை டன்னுக்காகச் சட்னிக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதன் கீழே பதினாறு டன் சுவர் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பேரேட்டில் சில்லறைச் செலவைப் பைசா சுத்தமாக எழுதிவிட்டு வாடகையை எழுத மறந்த கணக்குப்பிள்ளை நான். பல்கலைக்கழகம் என் பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

"அப்ப கொட்டாங்குச்சி தண்டமா?" என்றேன். குரல் உடைந்திருக்க வேண்டும்.

"தண்டமில்லை சார். இடம்தான் தப்பு" என்றார். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

கூரை தலைக்கு மேல் இருக்கிறது. அதில் தப்பு நடந்தால் மன்னிப்பு கிடையாது. கான்கிரீட்டில் எதெல்லாம் போடலாம் என்பதற்கு ஐ.எஸ். 383 என்று ஓர் இந்தியத் தர விதி இருக்கிறது. 2016-ல் அதைத் திருத்தியபோது உலைக் கசடு, அனல் மின் நிலையத்தின் அடிச் சாம்பல், இடித்த கட்டடத்தின் கான்கிரீட் இவற்றுக்கெல்லாம் அளவு வைத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆலைக் கழிவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கொட்டாங்குச்சி இன்னும் க்யூவில் நிற்கிறது. கடும் தீயில் உள்ளே இருக்கும் ஓடு கருகினால் என்ன ஆகும் என்பது மாதிரி கேள்விகளுக்கு விதியில் பதில் எழுதப்படும்வரை எந்தப் பொறுப்பான எஞ்சினியரும் அதைக் கூரைக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்.

ஆனால் சுவர்க் கட்டி? தூண்களுக்கு நடுவில் சும்மா மறைப்பாக நிற்கிற சுவருக்குப் பெரிய பலம் வேண்டாம். லேசாக இருந்தால் போதும். பலம் குறைவாகப் போதும் என்றால் சிமெண்டும் குறைவாகப் போதும். என் பற்றுப் பக்கத்துப் பெரிய கடனும் அடைபடும். ஒரு கட்டி உடைந்தால் இன்னொன்றை எடுத்து வைக்கலாம், வீடு விழாது. கொப்பரைக் களம் இருக்கிற ஊரில், களத்துக்குப் பக்கத்திலேயே, கரிக் கம்பெனி வேண்டாமென்று கழிக்கிற உடைசலை வாங்கி ஒருவர் கட்டி அறுத்தால், அதுதான் இந்த ஆராய்ச்சிக்குச் சரியான இடம்.

எனக்கு அப்போதுதான் ஏகாம்பரநாதர் கோபுரம் ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, சுமார் 190 அடி. எத்தனை தடவை அதன் வழியாகப் போயிருக்கிறேன்! அடியில் கருங்கல். மேலே நிலை நிலையாக ஏறுவதெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியிருந்தால் அந்தக் கனத்துக்கு அடித்தளம் பதில் சொல்லியாக வேண்டும். கனம் கீழே, லேசு மேலே. ரோமாபுரியில் சுமார் 1900 வருஷத்துக்கு முன்னால் பாந்தியன் கோயிலுக்குக் கான்கிரீட்டில் 43 மீட்டர் கூண்டு போட்டவர்களும் இதையேதான் செய்தார்கள். உச்சிக்குப் போகப் போக ஜல்லியை மாற்றி, எரிமலை கக்கிய நுரைக்கல்லைக் கலந்தார்கள். தண்ணீரில் மிதக்கிற கல் அது. அவர்களுக்குக் கிடைத்தது நுரைக்கல். நமக்குக் கிடைப்பது கொட்டாங்குச்சி. கலவை மாறலாம், சூத்திரம் ஒன்றுதான். எங்கே எந்தக் கனம் என்று தெரிந்து வைப்பது.

* * *

ஆக, முடிவு.

பழைய சுவர் மேல் ஒரு செங்கல்கூட ஏற்றவில்லை. பின்கட்டில் தனியாக நாலு தூண், தனி அஸ்திவாரம். அதன் மேல் ரூம். கூரை சாதாரணக் கான்கிரீட், விதிப்படி. சுவர் மட்டும் ஏ.ஏ.சி. பிளாக், நாலு அங்குலம். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்கிற லேசான கட்டி அது. பதினாறு டன் சுவர் மூன்று டன்னுக்குள் அடங்கிவிட்டது. கொட்டாங்குச்சிக் கட்டி கிடைக்குமா என்று எஞ்சினியர் எனக்காக நாலு இடத்தில் விசாரித்தார். எங்கள் பக்கத்தில் யாரும் அறுக்கவில்லை. உங்களில் யாராவது ஆபீஸ் வேலை போரடிக்கிறது, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து முதலில் கொப்பரை வியாபாரியிடம் விலை கேட்டுவிட்டு யோசியுங்கள்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு என் நாலு மாசச் சட்னிக் கணக்கிலிருந்து ஒரே ஒரு வரி: கூரையைப் பற்றிக் கவலைப்படுமுன் சுவரை நிறுத்துப் பாருங்கள். தராசு வேண்டாம், பேப்பர் பென்சில் போதும். நீளம், உயரம், கனம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, செங்கல்லாக இருந்தால் 1900-ஆல் பெருக்குங்கள். கிலோவில் வரும். வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மீதியிருந்த கொட்டாங்குச்சியை வீணாக்கவில்லை. கொல்லையில் துணி துவைக்கிற மேடையின் மேல்தளத்துக்கு அதைத்தான் போட்டோம். மேஸ்திரியே வந்து கலக்கினார். கலக்கும்போது, "என்னா தம்பி, தாளிக்க வேணாமா?" என்றார். இப்போது அந்த மேடையில் அம்மாவும் மனைவியும் தினம் இரண்டு வேளை 'இம்பாக்ட் டெஸ்ட்' நடத்துகிறார்கள். இதுவரை கீறல் இல்லை.

தறி நடுக்கூடத்திலேயே இருக்கிறது. பையன் மாடியில் படிக்கிறான், அல்லது அப்படிச் சொல்கிறான். காலையில் தட் தட் சத்தம் மாடிவரை லேசாகக் கேட்கிறது.

நான் வார்த்த அந்தக் கனசதுரம்? தறிக் குழிக்குப் பக்கத்தில், அப்பாவின் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அவராகவேதான் எடுத்து வைத்துக்கொண்டார். காபி டம்ளர் வைக்க ரொம்ப சௌகரியமாம். பையன் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறான்: "எங்க தாத்தா சட்னி மேலதான் காபி வெப்பாரு."

மிஸ் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.